ஊர் டீமுக்கு ஸ்டிட்ச் பால்: வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: டென்னிஸ் பந்தில் நன்றாக ஆடும் ஊர்ப் பையன்களை, தோல் தைத்த கெட்டியான ஸ்டிட்ச் பந்தில் ஆடும் முறையான கிரிக்கெட்டுக்கு எப்படிக் கொண்டு வருவது? ஒரு பயிற்சியாளர், ஒரு நடுவர், ஒரு பிட்ச் பராமரிப்பாளர் மூவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

பெருந்துறை வாசகர்: பஞ்சாயத்துப் பள்ளி மைதானத்துல சிமெண்ட் பிட்ச் போட்டோமுங்க. ஒரே வருஷத்துல நடுவுல வெடிச்சு, ஓரம் தூக்கிக்கிச்சு. மறுபடியும் போடலாம்னு இருக்கோம். எப்படிப் போடணும்?

முதலில் மண்ணைப் பாருங்கள். செம்மண்ணாக இருந்தால் பிரச்சினை வேலையில்தான். கரிசலாக இருந்தால், எவ்வளவு நல்ல சிமெண்ட் போட்டாலும் அடுத்த மழையில் வெடிக்கும். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே கிடக்கும் தளமும் அதோடு ஏறி இறங்கும். கரிசல் என்றால் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டு, கிராவலை 6 அங்குல அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். அதற்கான செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பல ஊர்களுக்குத் தலை சுற்றும். அப்படியானால் சிமெண்ட்டை விட்டுவிடுங்கள். கரிசலையே சமன்படுத்தி, முதல் நாள் தண்ணீர் விட்டு, கட்டைவிரலால் அழுத்தினால் ஒட்டாத பதம் வந்ததும் ரோலர் ஓட்டி, மேலே மேட் (கயிற்றுப் பாய்) விரித்து ஆடலாம். தளத்தை உடைக்கும் அதே களித்தன்மைதான் உருட்டிய பிட்ச்சை இறுகப் பிடித்து வைக்கிறது. சிமெண்ட்டைப் போலப் பந்து தலைக்கு மேல் எழும்பவும் செய்யாது.

செம்மண்ணாக இருந்து சிமெண்ட்தான் என்று முடிவெடுத்தால் அளவுகள் இவை. ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 22 யார்டு, அதாவது 66 அடி. தளத்தை 64 அடி நீளம், 7 அடி அகலம், 5 அங்குலக் கனத்தில் போடுங்கள். 66 அடிக்கு 8 அடி கயிற்று மேட் விரிக்கும்போது நான்கு பக்கமும் மேட் மண்ணுக்கு மேல் வரும். ஆணி அடிக்க அந்த மண் வேண்டும். தளமும் மேட்டும் ஒரே அளவாக இருக்கும் இடங்களில் மேட்டை இறுக்கவே முடியாமல், கல்லைத் தூக்கி ஓரத்தில் வைத்து ஆடுகிறார்கள். அந்தக் கல்லில் கால் இடறும். மேட்டுக்கு வெளியே மண்ணில் ஸ்டம்ப் நடுவதால் தளத்தில் குழி விடும் வேலையும் இல்லை.

சிமெண்ட் ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று என்ற கலவைக்கு இந்த அளவுத் தளம் சுமார் 43 மூட்டை சிமெண்ட், 80 கன அடி எம்-சாண்ட், 160 கன அடி ஜல்லி பிடிக்கும். அதாவது எம்-சாண்ட் 1 யூனிட்டில் (100 கன அடி) மிச்சம் வரும், ஜல்லி 2 யூனிட்டில் மிச்சம் வரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டி முடிக்க வேண்டும். நேற்று பாதி, இன்று பாதி என்றால் நடுவில் ஒரு கோடு விழும். உங்கள் பிட்ச் நடுவில் வெடித்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும். 12 அடிக்கு ஒரு இடத்தில், குறுக்காக, ஒன்றே கால் அங்குல ஆழத்துக்கு வெட்டு விடுங்கள். சுருங்கும்போது தளம் அந்தக் கோட்டில்தான் பிளக்கும், கண்ட இடத்தில் பிளக்காது.

மேற்பரப்பை மேஸ்திரி பழக்கதோஷத்தில் கண்ணாடி மாதிரி தேய்த்துவிடுவார், தடுத்துவிடுங்கள். வழவழப்பில் மேட் நழுவும். ரசமட்டம் பார்த்து, மட்டப்பலகை இழுத்து, இறுகும் நேரத்தில் தென்னை விளக்குமாற்றால் குறுக்கே ஒரு இழுப்பு போதும். அடுத்து பாத்தி கட்டி குறைந்தது 14 நாள் தண்ணீர் நிற்க விடுங்கள். ஈரம் காய்ந்த தளம் முதல் கோடையிலேயே மயிரிழை வெடிப்பு காட்டும். தளத்தின் மேல்மட்டமும் சுற்றியுள்ள மண்ணும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பவுலர் கால் ஊன்றும் முனைகளில் மண் சீக்கிரம் பள்ளமாகும், ஒவ்வொரு வாரமும் ஈரமண் போட்டு இடித்து நிரப்புங்கள். அந்த விளிம்பில் கணுக்கால் மடங்கினால் ஒரு பருவமே போய்விடும்.

மேட்டைப் பொறுத்தவரை ஒரே விதி: தளர்வாக இருக்கக் கூடாது. தளர்ந்த மேட்டில் விழும் பந்து ஒன்று உருளும், மற்றொன்று மூக்குக்கு வரும். இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, மூன்றாமவர் ஆணி அடிக்க வேண்டும். ஆணித் தலை மேட்டோடு சமமாக இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் காய வைத்துச் சுருட்டி, பலகை மேல் வைத்தால் நாலைந்து பருவம் வரும். ஈரத்தோடு சுருட்டி மூலையில் நிறுத்தினால் ஒரு மழைக்காலத்திலேயே கயிறு மக்கிவிடும்.

காங்கேயம் வாசகர்: 11, 12 வயசுப் பசங்க இருபது பேர் இருக்காங்க. டென்னிஸ் பால்ல நல்லா அடிக்கறாங்க. ஸ்டிட்ச் பால் எப்போ கொடுக்கலாமுங்க? சாமான் என்னென்ன வேணும்?

இப்போதே கொடுக்கலாம், பெரியவர்கள் பந்தை அல்ல. ஆண்கள் பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம். 13 வயதுக்கு உட்பட்டோர் பந்து 133 முதல் 144 கிராம். சுற்றளவும் குறைவு, சின்ன விரல்களுக்குத் தையல் பிடிபடும். கடையில் "ஜூனியர்" என்று கேட்டு, வீட்டுத் தராசில் ஒருமுறை எடை பார்த்து வாங்குங்கள். மலிவுப் பந்துகளில் ஒரே டஜனுக்குள்ளேயே எடை மாறும். பிட்ச்சையும் 22 யார்டு வைக்காதீர்கள். இந்த வயதுக்கு 19, 20 யார்டு போதும். முழு நீளத்துக்குப் பந்து சேர வேண்டும் என்று பையன் உடம்பை வளைத்து எறிய ஆரம்பிப்பான், அந்தப் பழக்கம் பதினாறு வயதிலும் போகாது.

டென்னிஸ் பந்தில் வளர்ந்த பேட்ஸ்மேனுக்கு இரண்டு இடங்களில் கை தடுமாறும். டென்னிஸ் பந்து தாமதமாக, உயரமாக எழும்பும். அதனால் பின்னங்காலில் நின்று காத்திருந்து, குறுக்கே இழுப்பதே அவனுக்குத் தெரிந்த ஷாட். ஸ்டிட்ச் பந்து அந்த நேரத்தைத் தராது. முதல் ஒரு மாதம் நேர் மட்டையால் முன்னங்காலில் தடுப்பது, பந்தை விடுவது இரண்டை மட்டும் செய்ய வையுங்கள். பசங்களுக்குச் சலிக்கும்தான். நாளுக்கு 20 நிமிடம் இதைச் செய்துவிட்டு மீதி நேரம் டென்னிஸ் பந்திலேயே ஆடட்டும்.

இருபது பேருக்கு ஆளுக்கொரு கிட் தேவையில்லை. ஒரே நேரத்தில் களத்தில் இருப்பது இரண்டு பேட்ஸ்மேனும் ஒரு கீப்பரும், வலைப்பயிற்சிக்கு இன்னொருவர். கிரில் உள்ள ஹெல்மெட் 4, காலில் கட்டும் பேட் 4 ஜோடி, கையுறை 5 ஜோடி, கீப்பர் சாமான் ஒரு செட். இடுப்புக்குக் கீழே உள்ளே அணியும் கார்டு மட்டும் ஆளுக்கு ஒன்று, அதைப் பகிரவே கூடாது. பணம் பற்றவில்லை என்றால் மட்டையில் குறையுங்கள், ஹெல்மெட்டில் குறைக்காதீர்கள். சிமெண்ட் மேல் மேட் போட்ட பிட்ச்சில் பந்து முகத்துக்கு எழும்பும்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைக் காட்டி, "அவரே இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பால்தானே" என்று கேட்பார்கள். உண்மைதான். அதற்குப் பிறகு சென்னை லீக்கில் படிப்படியாக ஏறி, 2015-ல் மாநில அணிகளுக்கான ரஞ்சிக் கோப்பையில் ஆடி, பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளாகி, அதைத் திருத்தி மீண்டு வந்துதான் 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆடினார். அவரே பிறகு ஊரில் பசங்களுக்காக ஒரு மைதானம் அமைத்திருக்கிறார். தாமதமாகத் தொடங்கினாலும் முடியும் என்பதற்கு அவர் சான்று. தாமதிக்கலாம் என்பதற்கு அல்ல.

குமாரபாளையத்திலிருந்து ஒரு அம்மா: என் பையனுக்கு 14 வயசு, வேகப்பந்து போடறான். ஸ்கூல் டீம், அகாடமி, ஞாயித்துக்கிழமை டோர்னமெண்ட்னு மூணு இடத்துல ஆடறான். ஒரு மாசமா இடுப்புல ஒரு பக்கம் வலிங்கறான். தைலம் தேய்க்கறோம்.

தைலத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், அதுவரை பந்து போட வேண்டாம். வளரும் வயதில் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு முதுகெலும்பின் அடிப்பகுதியில் மயிரிழை முறிவு வருவது அடிக்கடி காணப்படுவது. வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் வலிக்கும், பின்னால் வளைந்தால் அதிகமாகும். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. எக்ஸ்ரே சுத்தம் என்று வந்தும் வலி நின்றபாடில்லை என்றால் ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இங்கிலாந்தில் கவுண்டி ஜூனியர் கிரிக்கெட்டில் இதற்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 14, 15 வயதுப் பிரிவுகளில் வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லுக்கு (இடைவெளி விடாமல் போடும் ஒரு சுற்றுக்கு) 6 ஓவர், நாளுக்கு 12 ஓவர். 13 வயதுக்கு உட்பட்டோருக்கு 5, 10. நம் ஊரில் யாரும் கணக்கு வைப்பதில்லை. மூன்று கோச்சும் தனித்தனியே நியாயமாகத்தான் போடச் சொல்லியிருப்பார்கள். மூன்றையும் கூட்டிப் பார்ப்பவர் யாரும் இல்லை. நீங்களே ஒரு நோட்டில் எழுதுங்கள்: நாள், இடம், எத்தனை பந்து. வலைப்பயிற்சிப் பந்தும் சேரும். குணமான பிறகும் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போட விடாதீர்கள். சிமெண்ட்டில் கால் ஊன்றிப் போடும் நாளில் இன்னும் குறையுங்கள்.

சங்ககிரி வாசகர்: தை மாசம் 16 டீம் வெச்சு டோர்னமெண்ட். நாக்-அவுட்ல நடத்தறதா லீக்ல நடத்தறதான்னு சண்டையா இருக்குதுங்க.

லீக்கில் நடத்துங்கள். நாக்-அவுட் என்றால் மொத்தம் 15 ஆட்டம், 8 டீம் ஒரே ஆட்டத்தோடு டெம்போ ஏறிவிடும். கொங்குப் பக்கம் டோர்னமெண்டுக்குப் பஞ்சமில்லை. ஒரு பையனுக்கு வருஷத்தில் கிடைக்கும் ஆட்டங்களுக்குத்தான் பஞ்சம். நாலு பிரிவு, பிரிவுக்கு நாலு டீம் என்றால் 24 ஆட்டம், பிறகு அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, ஆக 27. ஒவ்வொரு டீமுக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் உறுதி. 20 ஓவர் ஆட்டம் ஒன்றுக்கு மூன்றேகால் மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்கு ஒன்று, மதியம் இரண்டரைக்கு ஒன்று வையுங்கள். இரண்டு மைதானம் இருந்தால் ஒரு சனி ஞாயிறில் 8 ஆட்டம், மூன்று வாரத்தில் லீக் முடியும், நாலாவது வாரம் இறுதி. இன்னிங்ஸுக்கு ஒரு புதுப் பந்து என்றால் 54. தொலைவதற்கும் சேர்த்து 5 டஜன் வாங்குங்கள். கூடுதல் செலவுக்குப் பரிசுத் தொகையில் கை வையுங்கள். பெரிய தொகை வைத்தால் வெளியூர் ஆட்டக்காரர்களைக் கூலிக்குக் கூட்டி வருவார்கள், உள்ளூர்ப் பையன் தண்ணீர் பாட்டில் தூக்குவான். முதல் ஆட்டத்துக்கு முன்பே 15 பேர் பட்டியலை வாங்கிப் பூட்டிவிடுங்கள். வெளி ஆள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். 19 வயதுக்கு உட்பட்ட மூவர் களத்தில் இருக்க வேண்டும், அதில் ஒருவராவது இரண்டு ஓவர் போட வேண்டும் என்று விதி எழுதுங்கள்.

லீக் என்றால், இரண்டு டீமுக்குப் புள்ளி சமமாகும்போது ரன் ரேட் (ஓவருக்கு எத்தனை ரன் என்ற கணக்கு) சண்டை வரும். அடிக்கடி தவறும் இடம் இதுதான்: ஆல் அவுட் ஆன டீமுக்கு, ஆடிய ஓவரை அல்ல, முழு ஓவரையும் எடுக்க வேண்டும். 16 ஓவர் ஆட்டத்தில் ஒரு டீம் 120, எதிர் டீம் 13.2 ஓவரில் 96-க்கு ஆல் அவுட் என்று வையுங்கள். 120-ஐ 16-ஆல் வகுத்தால் 7.5; 96-ஐயும் 16-ஆல் வகுத்தால் 6. வென்ற டீமுக்கு பிளஸ் 1.5. ஆடிய 13.2 ஓவரால் வகுத்தவர்கள் பிளஸ் 0.3 என்று போட்டு, அரையிறுதிக்குத் தவறான டீமை அனுப்பியிருப்பார்கள். இன்னொன்று, 13.2 ஓவர் என்பது 13 ஓவர் 2 பந்து. கால்குலேட்டரில் 13.2 என்று அடிக்கக் கூடாது, 13.33 என்று அடிக்க வேண்டும்.

உடுமலை வாசகர்: ஆடிக் காத்துல ஸ்டம்ப் மேல வெக்கற பெய்ல்ஸ் கட்டை நிக்கவே மாட்டேங்குது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை யாரும் நிறுத்த முடியாது. கனமான பெய்ல்ஸ் வைக்க விதியில் இடம் இருக்கிறது. அதுவும் நிற்கவில்லை என்றால் நடுவர்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுத்து, இரண்டு முனையிலும் பெய்ல்ஸ் இல்லாமலே ஆடலாம். ஒரு முனையில் மட்டும் எடுப்பது கூடாது. அப்போது பந்து ஸ்டம்பில் பட்டதா என்பதை நடுவரே தீர்மானிப்பார். இரண்டு கேப்டன்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கோபியிலிருந்து ஒரு ஆசிரியை: எட்டு பெண் பிள்ளைகள்தான் சேர்ந்திருக்காங்க. பதினொண்ணு சேர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?

வேண்டாம். எட்டுப் பேருக்கு ஜோடி ஆட்டம் சரியாகப் பொருந்தும். நாலு ஜோடி, ஜோடிக்கு 4 ஓவர், மொத்தம் 16 ஓவர். அவுட் ஆனாலும் வெளியே போக வேண்டாம், டீம் கணக்கில் 5 ரன் கழியும். பேட்ஸ்மேன்கள் முனை மாறிக்கொள்வார்கள். கணக்கு மைனஸில் போகாமல் இருக்க 200-லிருந்து தொடங்குவது வழக்கம். எட்டுப் பேரும் ஆளுக்கு இரண்டு ஓவர் போடுவார்கள். நன்றாக ஆடும் இருவரே எல்லாப் பந்தையும் ஆடிவிட்டு, மீதிப் பேர் வெயிலில் நின்று திரும்புவது இதில் நடக்காது. பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம், 13 வயதுக்கு உட்பட்டவர்களாக இருந்தால் முன்னே சொன்ன ஜூனியர் பந்து. எதிர் டீம் கிடைக்கவில்லை என்றால் பக்கத்துப் பள்ளிப் பையன்களின் 12 வயது டீமோடு ஆட விடுங்கள்.

நாமக்கல் வாசகர்: மாவட்ட டீம் செலக்‌ஷனுக்கு என்ன கொண்டு போகணும்?

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் மாறியிருந்தாலே திருப்பி அனுப்புவார்கள், திருத்தக் காலம் பிடிக்கும். 16 வயதுக்கு உட்பட்டோர் மட்டத்தில் இடது மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள். வயதைக் குறைத்துக் காட்டச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள், மாட்டினால் தடை. செலக்‌ஷன் வலையில் ஒரு பையனுக்குக் கிடைப்பது சில பந்துகள்தான். அதனால் லீக் ஆட்ட ஸ்கோர் ஷீட்டுகளின் நகலும் கையில் இருக்கட்டும். ஸ்கோர் ஷீட் செல்ல வேண்டுமானால் கணக்கு உதைக்கக் கூடாது: பேட்ஸ்மேன்கள் எடுத்த ரன்னும் எக்ஸ்ட்ராவும் சேர்ந்தது டோட்டல். பவுலர்கள் கொடுத்த ரன்னோடு பைஸ், லெக் பைஸ் (மட்டையில் படாத பந்தில் எடுத்த ரன்) சேர்த்தாலும் அதே டோட்டல் வர வேண்டும். வைடும் நோ-பாலும் பவுலர் கணக்கில் ஏறும், பைஸ் ஏறாது. வித்தியாசம் வந்தால் நடுவர் கையெழுத்துப் போடுவதற்கு முன், மைதானத்திலேயே உட்கார்ந்து தேடுங்கள்.