ஆபரேஷனைப் பார்த்து மிரண்ட மகன்

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டுப் பையன், ஒரு ஆபரேஷனைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து 'இந்தப் படிப்பே வேண்டாம்' என்கிறான். கோழை என்று திட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது கோழைத்தனம் இல்லை.

இதே மாதிரி மிரண்ட ஒருவர்தான் பிற்பாடு பிரசவ வலிக்கு மயக்க மருந்து கொடுத்த டாக்டர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன். 1811-இல் ஸ்காட்லாந்தின் பாத்கேட்டில் பிறந்தவர். ரொட்டிக் கடைக்காரர் வீட்டுக் கடைக்குட்டி. குடும்பமே கைகொடுக்க, 14 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகம் போனார். மயக்க மருந்து வராத காலம். ஒரு பெண்ணுக்கு மார்பை அறுத்தெடுத்தபோது மாணவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்; அவள் முழு நினைவோடு துடித்தாள். சிம்ப்சன் நேரே நீதிமன்றப் பக்கம் போனார், வக்கீல் குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று கேட்க! அப்புறம் மனசு மாறித் திரும்பினார்.

18 வயதில் தேர்ச்சி பெற்றும், டாக்டர் பட்டத்துக்கு வயது போதவில்லை. இன்வர்கிப் என்ற சிற்றூரில் மருத்துவர் வேலைக்கு மனுப் போட்டார், கிடைக்கவில்லை. நம் வீடாக இருந்தால் 'அப்போதே சொன்னேனே' என்று ஆரம்பித்திருப்போம். 1832-இல் அவருடைய ஆய்வேட்டைப் பார்த்த பேராசிரியர் ஜான் தாம்சன் உதவியாளராக வைத்துக்கொண்டு, பிரசவ மருத்துவத்தின் பக்கம் திருப்பிவிட்டார். 1840-இல், 28 வயதில், ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அத்துறைக்குப் பேராசிரியர். (கல்யாணமாகாதவர் என்று பேச்சு வந்ததால் அவசரக் கல்யாணம் வேறு!) 1847 நவம்பர் 4 இரவு, தம் வீட்டில் இரண்டு உதவியாளர்களோடு குளோரோஃபார்ம் என்ற திரவத்தை முகர்ந்து பார்த்தார், மூவரும் மயங்கி மேஜையடியில் சாய்ந்தார்கள். சில நாட்களில் அது பிரசவ வலிக்கு மருந்தானது. அன்று அந்தப் பெண் துடித்தது அவரை விடவேயில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் பையனை உலுக்கியது எது என்று கேளுங்கள். ரத்தமா? பெரும்பாலும் பழகிவிடும், பழகாவிட்டால் மேல்படிப்பில் நோய்க்குறியியல் (பேத்தாலஜி), மனநலம், சமூக மருத்துவம் என்று ஆபரேஷன் செய்யத் தேவையில்லாத பிரிவுகள் இருக்கின்றன. நோயாளியின் வலியா? மயக்கவியலும் வலி தணிப்பு மருத்துவமும் அதற்கென்றே உள்ளவை. ஆனால் எந்தப் பிரிவுக்குப் போனாலும், பயிற்சி மருத்துவராக அறுவைப் பிரிவில் சில வாரம் நின்றே ஆகவேண்டும். அதை அவனிடம் மறைக்காதீர்கள்.

படிப்பே பிடிக்காமல் ஆபரேஷன் ஒரு சாக்கு என்றால், கட்டிப்போடாதீர்கள். டி.சி. கேட்குமுன் சேர்க்கையின்போது கையெழுத்துப் போட்ட பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பாதியில் நின்றால் பணம் கட்ட வேண்டுமா, சான்றிதழ்கள் எப்போது கைக்கு வரும் என்று பாருங்கள். அதற்குள் அவனை என்னிடம் ஒருமுறை அனுப்புங்கள். நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தால் போதும்.