வெட்டு மெசின் செயலியைப் பெரிய நிறுவனம் நகலெடுத்தால்?

கேள்வி: கிளிநொச்சியில் இரண்டு பேர் சேர்ந்து, காலபோக அறுவடைக்கு வெட்டு மெசின் பதிவுசெய்யும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைச் செய்தோம். கொழும்பிலுள்ள பெரிய நிறுவனம் ஒன்று கூப்பிட்டுப் பேசியது. கேட்டார்கள் என்று மூல நிரலையும் மின்னஞ்சலில் அனுப்பினோம், ஒப்பந்தம் எழுதவில்லை. நான்கு மாதத்தில் அதேபோன்ற செயலியை வெளியிட்டுவிட்டார்கள். இப்போது எங்களையே காசு தந்து சில பகுதிகள் எழுதித்தரக் கேட்கிறார்கள். நாங்கள் எதையும் பதிவு செய்யவில்லை. உரிமை உண்டா?

பதில்: உண்டு. இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலை ஓர் எழுத்தாக்கமாகவே பாதுகாக்கிறது. ஆனால் எண்ணத்துக்கும் செயல்முறைக்கும் பாதுகாப்பில்லை என்று அதன் 8ஆம் பிரிவு சொல்கிறது. மெசினைத் தொலைபேசியில் பதிவுசெய்யலாம் என்ற யோசனையை மட்டும் எடுத்துத் தாங்களே புதிதாக நிரல் எழுதியிருந்தால், பதிப்புரிமை வழக்கு நிற்காது. நம்பிக்கையில் கொடுத்த இரகசியத் தகவலை 160ஆம் பிரிவு பாதுகாத்தாலும், எழுத்தில் உடன்பாடு இல்லாததால் அதை நிறுவுவது கடினம்.

ஆகவே நிரலையே நகலெடுத்தார்கள் என்று காட்ட, அவர்களுடைய செயலியில் உங்கள் பிழைகளைத் தேடுங்கள். ஊர்ப்பட்டியலில் 'மாங்குளம்' என்பதை நீங்கள் 'மாங்குலம்' என்று தட்டியிருந்து, அவர்களுடைய திரையிலும் 'மாங்குலம்' என்றே வந்தால், அது தற்செயல் என்று சொல்வது அவர்களுக்குக் கடினம். நீங்கள் வைத்துவிட்டுப் பயன்படுத்தாத தரவுப் புலம் (தகவல் சேமிக்க ஒதுக்கிய இடம்) அங்கும் இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுடைய செயலிக் கோப்பை இன்றே இறக்கி, ஹாஷ் எண்ணோடு (கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) சேமியுங்கள். திரையைக் காணொளியாகப் பிடியுங்கள். அதற்கு முன் முகநூலில் எழுதிவிடாதீர்கள். ஒரே இரவில் புதுப்பித்துப் பிழையைத் திருத்திவிடுவார்கள். உங்கள்மேல் அவதூறு வழக்கும் வரலாம்.

நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் வரலாற்றைத் திருத்தி எழுதாதீர்கள். அதிலுள்ள கொமிட் திகதியை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்த திகதியை, யாரும் மாற்றலாம் என்பதால் அது தனியே போதாது. நிரல் அனுப்பிய மின்னஞ்சல் அதைவிட வலுவானது, முழுத் தலைப்பு விபரங்களோடு (யார், எப்போது, எந்த வழியாக அனுப்பினார் என்ற பதிவு) சேமியுங்கள். மின்னணு ஆவணங்களைச் சான்றாக ஏற்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் இடம் தருகிறது.

அடுத்தது பதிவுத்தபாலில் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம். அதோடு அவர்களுடைய செயலியை நீக்கக் கேட்கும் கூகுள் பிளேயின் பதிப்புரிமைப் படிவம். இதைக் கிளிநொச்சியிலிருந்தே இலவசமாக நிரப்பலாம். நகலெடுத்த நிரலையும் திரைகளையும் மட்டும் குறிப்பிடுங்கள். தெரிந்தே பொய் எழுதினால் அமெரிக்கச் சட்டப்படி நட்டஈடு கட்ட நேரும். அவர்கள் உங்கள் முறைப்பாட்டை மறுத்து எதிர் அறிவித்தல் கொடுத்தால், 10 முதல் 14 வேலைநாட்களுக்குள் நீங்கள் வழக்குத் தொடராவிட்டால் செயலி திரும்ப வந்துவிடும். அந்த வழக்குக்குக் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்பதால் செலவை முன்கூட்டியே கணக்குப் பாருங்கள்.

அவர்கள் தரும் வேலையை இப்போதைக்கு ஏற்காதீர்கள். 14ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுச் செய்துகொடுத்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், கேட்டவருக்கே போகும். பழைய நிரலோடு புதியதும் கலந்துவிட்டால், எது உங்களுடையது என்று பிரித்துக் காட்டவே வழியிருக்காது.