பாஸ்வேர்டைத் தமிழ் எழுத்தில் வைக்கலாமா?

கேள்வி: பாஸ்வேர்டைத் தமிழ் எழுத்திலேயே வைத்தால் வெளிநாட்டுத் திருடர்களால் ஊகிக்க முடியாதல்லவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். திருடனுக்கு முன்னால் நீங்களே வெளியில் நிற்க நேரிடும். கூகுள் கணக்கு தமிழ் எழுத்தை ஏற்பதே இல்லை. ஏற்கும் தளங்களில்தான் சிக்கல் பெரிது.

'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்தோடு 'ொ' என்ற ஒரே குறி. அல்லது கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் தளம் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே வைத்திருப்பதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ஒரு 'ஹாஷ்' மட்டுமே அங்கே இருக்கிறது. உள்ளே ஒரு குறி மாறினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும். வீட்டுக் கணினியில் திறந்த கணக்கு, வேறொரு கீபோர்டு உள்ள போனில் 'தவறான பாஸ்வேர்டு' என்று சொல்வது இதனால்தான். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு ஹாஷ் எடுக்கும் தளங்களும் உண்டு. அங்கேயும் 'கௌ' காலை வாரும்: ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் 'ள' எழுத்தும் அடித்திருந்தால் அது வேறு சொல். திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் பிழையைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

நீளத்திலும் நஷ்டம். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (கணினி இடத்தை அளக்கும் அலகு) செலவாகும். 'க்' என்றால் 6. ஹாஷ் கணக்கிடப் பல தளங்கள் பயன்படுத்தும் பிகிரிப்ட் (bcrypt) முறை முதல் 72 பைட்டைத்தான் கணக்கில் எடுக்கும்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடியுங்கள், நல்ல பலம் கிடைக்கும். அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாறு இடங்களில் பிரித்து, விரல் பட்ட சொற்களை எடுங்கள்: 'தவளை-உப்பு-மேளம்-ஜன்னல்-கோடை' என்பதுபோல. (அச்சில் வந்துவிட்ட இதையே வைத்துவிடாதீர்கள்.) பிடிக்காத சொல் வந்தாலும் மாற்றாதீர்கள்; நாமாகத் தேர்ந்தால் சாமி பேர், பிள்ளை பேர் என்றுதான் போவோம். குறள் அடி, பாட்டு வரியும் கூடாது. ழகரத்துக்கு எந்த ஆங்கில எழுத்து, நெடிலுக்கு இரட்டை எழுத்தா என்பதை முதலிலேயே முடிவுசெய்து கடைசிவரை அதையே பிடியுங்கள்.

கேள்வி: அதை நோட்டில் எழுதி வைக்கலாமா?
– வாசகி, சிவகாசி

பதில்: வீட்டு பீரோவில் தாராளமாக. இணையத்தில் இருப்பவன் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஏடிஎம் பின் எண்ணைக் கார்டோடு சேர்த்துப் பர்ஸில் வைப்பதுதான் ஆபத்து.

கேள்வி: அலுவலகத்தில் 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

பதில்: பழைய விதி. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் (NIST) நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்கிறது. கட்டாயப்படுத்தினால் எல்லோரும் கடைசி எண்ணை 1, 2, 3 என்று ஏற்றுகிறார்கள். பழையது கிடைத்தவனுக்குப் புதியதும் கிடைத்துவிடுகிறது. விதியை உங்களால் மாற்ற முடியாதென்றால், ஒவ்வொரு முறையும் அகராதியைப் புதிதாகப் பிரியுங்கள்.