பந்தைத் தொட்ட பிறகும் சிவப்பு அட்டையா?

சகோ, கால்பந்தாட்டத்தில் தடுப்பாட்டக்காரர் முதலில் பந்தைத்தான் தொட்டார், அப்புறம்தான் எதிராளியின் கணுக்காலில் இடித்தார், இதற்குப் போய் சிவப்பு அட்டையா, நடுவர் விலைபோய்விட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பந்தை முதலில் தொட்டால் குற்றமில்லை என்று விதி எதுவும் கிடையாது. வர்ணனையில் கேட்டுக் கேட்டு நம் மண்டையில் ஏறியது அது. ஃபவுலையும் அட்டையையும் பற்றிய 12ஆம் விதி பார்ப்பதே வேறு. வெறும் கவனக்குறைவு என்றால் ஃபவுல் மட்டும், அட்டை இல்லை. எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் பாய்ந்தால் மஞ்சள். அளவுமீறிய பலமோ, அடுத்தவர் உடலுக்கு ஆபத்தோ இருந்தால் சிவப்பு. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: முழங்கால் மடங்காமல், காலணியின் அடிக்குமிழ்கள் (ஸ்டட்) முன்னால் தெரிய வந்தார் என்று. அப்படி வரும் கால் பந்தை உரசிய பிறகும் நிற்காது. எனக்கு இது சிவப்புதான்.

இன்னொன்று, மெதுவாக ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விஏஆர் (காணொளி பார்த்து உதவும் நடுவர்) நெறிமுறையிலேயே மெதுவோட்டம் கால் எங்கே பட்டது என்பதற்குத்தான். எவ்வளவு வேகம் என்பதை இயல்பான ஓட்டத்தில்தான் பார்க்கவேண்டும்.

நடுவர் தவறுவதே இல்லை என்று சொல்லவில்லை. 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் டி யோங், ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சிலேயே உதைத்தார். நடுவர் ஹோவர்ட் வெப் காட்டியது மஞ்சள்! தனக்குச் சரியாகத் தெரியவில்லை, அது சிவப்புக்குரியது என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். அப்போது விஏஆர் கிடையாது. பார்வை மறைந்ததை விலைபோனதாகச் சொல்ல முடியுமா?