மூத்தவனுக்குப் போக மிச்சம்தான் இளையவளுக்கா?

கேள்வி: என் கணவருக்கு இது இரண்டாவது திருமணம். முறைப்படி விவாகரத்து ஆன பிறகே என்னை மணந்தார். முதல் மனைவியிடம் வளரும் 11 வயது மகனுக்கு, நீதிமன்ற உத்தரவுப்படி மாதம் 15,000 ரூபாய் கொடுக்கிறார். இப்போது அதை 28,000 ஆக உயர்த்தக் கேட்டு மனு போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு 3 வயதில் ஒரு மகள். நான் மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறேன். கணவரின் மொத்தச் சம்பளம் 80,000. வரி, பி.எஃப்., வீட்டுக் கடன் எல்லாம் போகக் கைக்கு வருவது 52,000. என் சம்பளம் 25,000. பையனின் அம்மா 35,000 வாங்குகிறார். அவனுக்குப் போக மிச்சம் இருந்தால்தான் என் மகளுக்கா? என் சம்பளத்தையும் கணக்கில் சேர்ப்பார்களா?

பதில்: சகோதரி, மூத்தவனுக்கு முன்னுரிமை என்று சட்டத்தில் எங்கும் எழுதியில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவுதான், 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 144ஆவது பிரிவாக இருக்கிறது. தன்னைக் காத்துக்கொள்ள முடியாத மைனர் குழந்தையைப் பராமரிக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. எந்தத் திருமணத்தில் பிறந்த குழந்தை என்று பார்ப்பதில்லை. ஏன், திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் அதே உரிமைதான்.

ஆனால் 'எனக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது' என்பதை மட்டும் சொல்லி இந்த மனுவைத் தடுக்க முடியாது. பையனின் பொறுப்பு இருப்பது தெரிந்துதானே மறுமணம் செய்தீர்கள் என்று நீதிபதி கேட்பார். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

அதற்காக இரண்டாவது குடும்பத்தைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள் என்றும் இல்லை. கல்யாண் டே சவுத்ரி வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் மாதம் 23,000 ரூபாயாக உயர்த்தியிருந்த தொகையை, 2017இல் உச்ச நீதிமன்றம் 20,000 ஆகக் குறைத்தது. கணவர் மறுமணம் செய்திருப்பதையும் அதில் ஒரு குழந்தை இருப்பதையும் காரணமாகச் சொன்னது. குறைத்தது 3,000தான் என்பதையும் கவனியுங்கள். அதே தீர்ப்பில் வரும் 'கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம்' என்ற பேச்சைப் பலர் சூத்திரம் மாதிரி பிடித்துக்கொள்கிறார்கள். அது மனைவியின் ஜீவனாம்சத்துக்குச் சொன்ன அளவுகோல். குழந்தைக்கு இத்தனை சதவீதம் என்று நம் சட்டத்தில் கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் வழக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. நீங்கள் 52,000 என்கிறீர்கள். நீதிமன்றம் அப்படிப் பார்க்காது. வருமான வரி, கட்டாய வைப்பு நிதி போன்றவற்றைத்தான் கழிக்கும். அவர் விரும்பி வாங்கிய வீட்டுக் கடனின் தவணை பெரும்பாலும் கழிவாகாது. தவணை 18,000 என்று வைத்துக்கொண்டால், நீதிபதி முன் நிற்கும் எண் 70,000.

இதைப் பிரிக்க ஒரு வழி, டெல்லி உயர் நீதிமன்றம் 2004இல் அனுரீதா வோரா வழக்கில் சொன்னது. சம்பாதிப்பவருக்கு இரண்டு பங்கு, குடும்பத்தில் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அது நம் ஊர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். நீங்கள் சம்பாதிப்பதால் உங்களை விட்டுவிட்டால் கணவருக்கு இரண்டு, பையனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று: பங்கு 17,500. அடுத்த குழந்தை பிறந்தால் 14,000. ஆனால் வளர்கிற பையனுக்கு இதுவரை வந்துகொண்டிருந்த 15,000ஐ ஒரு வகுத்தல் கணக்கைக் காட்டிக் குறைக்க நீதிபதி எளிதில் ஒப்பமாட்டார். தவிர, உங்கள் குழந்தைகளுக்குச் சம்பாதிக்கும் இரண்டு பெற்றோர் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் சொல்வார்.

என்னைக் கேட்டால், உங்களுக்குப் பலமான வாதம் வேறு. பத்மஜா சர்மா வழக்கில் (2000), தாயும் தந்தையும் சம்பாதித்தால் குழந்தையின் செலவை அவரவர் வருமான விகிதத்தில் ஏற்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 70,000க்கு 35,000 என்றால் இரண்டுக்கு ஒன்று. பையனுக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று பள்ளிக் கட்டண ரசீது முதல் கேளுங்கள். அது 27,000 என்றால் உங்கள் கணவரின் பங்கு 18,000. கேட்கும் 28,000ஐ முழுக்க அவரே தர வேண்டுமானால் பையனின் செலவு 42,000 ஆக இருக்க வேண்டும். அதை அவர்கள் நிரூபிக்கட்டும்.

உங்கள் சம்பளத்திலிருந்து அந்தப் பையனுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கச் சொல்ல முடியாது. மாற்றாந்தாய்க்கு அந்தக் கடமை இல்லை. ஆனால் கணவரைச் சார்ந்து வாழ்பவர்கள் பட்டியலில் உங்கள் பெயரையும் போட முடியாது. 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், சார்ந்திருப்பவர்கள் எல்லாவற்றையும் சொல்லும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மகளின் பிறப்புச் சான்றிதழையும் செலவு ரசீதுகளையும் அதனுடன் வையுங்கள். உங்கள் சம்பளத்தை மறைக்க வேண்டாம்; மறைத்தது பிடிபட்டால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

பிறக்கப்போகும் குழந்தையை இப்போதே கணக்கில் சேர்ப்பது கடினம். பிறந்த பிறகு, சூழ்நிலை மாறியது என்று பி.என்.எஸ்.எஸ். 146ஆவது பிரிவின் கீழ் மனு போடலாம். இப்போது அவர்கள் உயர்த்தக் கேட்பதும் அதே பிரிவில்தான்.

வழக்கு முடியட்டும் என்று மாதத் தொகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வாரண்ட் வரும். ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு.

முடிந்தால் சமரச மையத்தில் பேசிப் பாருங்கள். பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கை நேரடியாகப் பள்ளிக்கே கட்டுவது, மாதத் தொகை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் உயர்வது என்று எழுதி, அதை நீதிமன்ற உத்தரவாகவே பதிவு செய்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது மனுவுக்கு வக்கீல் கட்டணம் கட்டுவதைவிட அது இரு வீட்டுக்கும் மலிவு.