ட்ராபெகுலெக்டமிக்குப் பிறகு: கேள்வி பதில்

(ட்ராபெகுலெக்டமி: க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கு, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியப் புது வழி போடும் ஆபரேஷன்.)

கேள்வி: ஆபரேஷன் முடிந்து நான்கு நாள். கண் அழுத்தம் 28லிருந்து 4க்கு வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: 4 என்ற எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கருவிழிக்கும் (கார்னியா, கண்ணின் முன்னால் உள்ள தெளிந்த படலம்) அதன் பின்னால் நிறத் திரையாக இருக்கும் ஐரிஸுக்கும் நடுவே உள்ள முன்னறை ஆழமாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆழம் இருந்தால் சில வாரங்களில் அழுத்தம் தானாகவே ஏறுவது உண்டு. தட்டையாகியிருந்தால் காரணம் தேட வேண்டும். வடியும் நீர் சேரும், மேலிமைக்கு அடியில் உள்ள ப்ளெப் என்ற கொப்புளம் நன்றாக உப்பியிருந்தால் நீர் அளவுக்கு மீறி வடிகிறது. கொப்புளமும் அமுங்கியிருந்தால் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குத்தான் சைடல் சோதனை. ஃப்ளோரசீன் தாளால் கொப்புளத்தின் மேல் சாயம் தடவி நீல ஒளியில் பார்ப்பார்கள். கசியும் இடத்தில் ஆரஞ்சுச் சாயத்தை அறுத்துக்கொண்டு பச்சைக் கோடு ஒன்று வழியும். சிறு கசிவு பேண்டேஜ் லென்ஸோடு (காயத்தை மூடும் கான்டாக்ட் லென்ஸ்) ஆறிவிடலாம். கண்ணின் லென்ஸே கருவிழியைத் தொடுகிற அளவுக்கு முன்னறை தட்டையானால் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: அழுத்தம் குறையக் குறைய நல்லதுதானே? வீணாகப் பயமுறுத்துகிறீர்கள். எனக்கு ஆறு மாதமாக 4தான், பார்வை 6/6.

பதில்: உங்கள் கண்ணுக்கு 4 பொருந்தியிருக்கலாம். கருவிழி மெல்லியதாக இருந்தால் கருவியும் குறைத்தே காட்டும். ஆனால் எல்லோருக்கும் அப்படி அமையாது. அழுத்தம் போதாத கண்ணின் சுவர், காற்று இறங்கிய பந்து போல மடியும். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் சுருக்கம் விழும், நேர்கோடு நெளிந்து தெரியும். இளவயதினருக்கும் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கும் இது அதிகம். விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் சுருக்கம் இல்லை, பார்வையும் இறங்கவில்லை என்றால் உங்களை ஒன்றும் செய்யத் தேவையில்லை. மேலே கேட்டவருக்கு நான்கு நாள்தான் ஆகிறது. உங்கள் எண்ணைச் சொல்லி அவரைத் தேற்றாதீர்கள்.

கேள்வி: முன்னறை தட்டை, ஆனால் அழுத்தம் 35?

பதில்: இன்றே போங்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் திசைமாறிப் பின்பக்கம் தேங்கி, எல்லாவற்றையும் முன்னே தள்ளியிருக்கலாம். அதற்கு முதலில் கண்மணியை விரிக்கும் அட்ரோபின் சொட்டு போடுவார்கள். வீட்டில் மீதமிருக்கும் பைலோகார்பின் என்ற க்ளாக்கோமா சொட்டைத் தொடவே கூடாது, நிலைமை மோசமாகும்.

கேள்வி: சிவப்பு போய்விட்டது. ஸ்டீராய்டு சொட்டை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. புதிதாகப் போட்ட வழியைக் காயமாக நினைத்து உடம்பு மூடப் பார்க்கும். அதைத் தடுப்பது இந்தச் சொட்டுதான். பெரும்பாலும் 2, 3 மாதத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள்.

கேள்வி: பழைய க்ளாக்கோமா சொட்டு?

பதில்: நிறுத்தச் சொன்னது ஆபரேஷன் செய்த கண்ணுக்கு மட்டும். மற்றக் கண்ணுக்கு ஒரு வேளைகூடத் தவறாமல் போடுங்கள்.

கேள்வி: கண்ணை அழுத்தி மசாஜ் செய்யலாமா?

பதில்: டாக்டரே செய்துகாட்டிச் சொல்லியிருந்தால் மட்டும்.

கேள்வி: பாரம் தூக்கலாமா? குனியலாமா?

பதில்: டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். மலச்சிக்கலில் முக்குவதும் இதில் அடங்கும். அழுத்தம் இறங்கிய கண்ணுக்குள் ரத்தக்குழாய் கிழியலாம். தாங்க முடியாத வலி திடீரென்று வரும்.

கேள்வி: ஆபரேஷன் செய்து 7 வருடம். நேற்றிலிருந்து சிவப்பு, பீளை. சாதாரணக் கண்வலிதானே?

பதில்: உடனே கிளம்புங்கள். கொப்புளத்தின் சுவர் மெல்லியது; எத்தனை வருடமானாலும் கிருமி அதன் வழியே நுழையும். கொப்புளம் பால் போல வெளுத்து, சுற்றிலும் சிவந்திருந்தால் தொற்று அங்கே தொடங்கிவிட்டது. உள்ளே இறங்கினால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம். கடையில் சொட்டு வாங்கிப் போட்டு நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். என்ன ஆபரேஷன் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள், வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.