சின்ன வயசு சைக்கிளைப் பற்றி இங்கிலீஷில் பேச: கேள்வி-பதில்

வெளிநாட்டில் படிக்க, வேலை பார்க்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு ஐஇஎல்டிஎஸ். அதன் ஸ்பீக்கிங் (பேச்சு) தேர்வுக்குத் தயாராகும் சென்னை வாசகர்கள், சைக்கிள் பற்றிய கேள்விகளில் தடுமாறுவதாக எழுதியிருக்கிறார்கள். பொதுவான சில சந்தேகங்களுக்கு இங்கே பதில்.

‘டிட் யூ ஹேவ் எ பைக் வென் யூ வேர் யங்?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ ஹேட்’ என்பதோடு நின்றுவிடுகிறேன். எவ்வளவு பேச வேண்டும்? (மாணவி, குரோம்பேட்டை)

இரண்டு மூன்று வாக்கியம், பதினைந்து இருபது விநாடி போதும். இப்படிப்பட்ட கேள்விகள் வரும் ஸ்பீக்கிங் தேர்வின் முதல் பகுதி மொத்தமே 4 முதல் 5 நிமிடம். முதலில் ஒரு எச்சரிக்கை: நம்மூரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். தேர்வில் சிறுவயதோடு சேர்த்துக் கேட்டால் அது பெரும்பாலும் சைக்கிள்தான். சந்தேகம் வந்தால் ‘டூ யூ மீன் எ பைசிக்கிள்?’ என்று தாராளமாகக் கேட்கலாம்.

‘டிட் யூ’ என்று கேட்டால் ‘யெஸ், ஐ டிட்’ என்பதே இயல்பான பதில். அதோடு உங்கள் சைக்கிளுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு விவரத்தைச் சேருங்கள்: ‘மை அங்கிள் கேவ் மீ ஹிஸ் ஓல்ட் ஒன். தி பெல் டிட்ன்ட் ஒர்க், ஸோ ஐ யூஸ்ட் டு ஷவுட் அட் பீப்பிள் டு மூவ்.’ ‘வெரி நைஸ், வெரி பியூட்டிஃபுல்’ என்று அடுக்குவதைவிட வேலை செய்யாத அந்த பெல் எவ்வளவோ மேல். அது உங்களிடம் உள்ள சொற்களைக் காட்டும், அடுத்த வாக்கியத்துக்கும் வழி விடும்.

‘யூஸ்ட் டு’, ‘வுட்’, சாதாரண இறந்தகாலம் மூன்றும் குழப்புகின்றன. (ஐடி ஊழியர், வேளச்சேரி)

ஒரே ஒரு முறை நடந்ததற்குச் சாதாரண இறந்தகாலம்: ‘ஐ லேர்ன்ட் டு ரைட் வென் ஐ வாஸ் செவன்.’ வழக்கமாகச் செய்துவந்து, இப்போது விட்டுவிட்டதற்கு ‘யூஸ்ட் டு’: ‘ஐ யூஸ்ட் டு ரைட் டு டியூஷன்.’ அந்தப் பழக்கத்தையே தொடர்ந்து விவரிக்கும்போது ‘வுட்’ வரலாம்: ‘ஆன் சண்டேஸ், வி வுட் ரேஸ் டு தி பீச்.’ ஆனால் ‘எனக்கு சைக்கிள் இருந்தது’ என்ற நிலையைச் சொல்ல ‘ஐ வுட் ஹேவ் எ பைக்’ என்றால் அர்த்தமே மாறிவிடும். அங்கே ‘ஐ ஹேட்’.

அதிகம் கேட்கிற பிழை, ‘ஐ ஆம் யூஸ்ட் டு ரைட்’. ‘ஆம்’ சேர்த்தால் ‘எனக்கு இப்போது பழகிவிட்டது’ என்று பொருள். பின்னால் ‘ரைடிங்’ வர வேண்டும்.

குரங்குப் பெடல், டபுள்ஸ், காத்தடிக்கிறது: இதையெல்லாம் எப்படிச் சொல்வது? (வாசகர், பெரம்பூர்)

குரங்குப் பெடலுக்கு ஒற்றைச் சொல் தேடாதீர்கள், செய்ததைச் சொல்லுங்கள்: ‘ஐ வாஸ் டூ ஷார்ட் ஃபார் தி சீட், ஸோ ஐ புட் ஒன் லெக் அண்டர் தி கிராஸ்பார் அண்ட் பெடல்ட் ஸ்டாண்டிங் அப்.’ சொல் தெரியாதபோது சுற்றி விளக்கத் தெரிவதும் மதிப்பெண்ணுக்குரிய திறமையே.

டபுள்ஸ் அடிப்பதற்கு ‘மை சிஸ்டர் சாட் ஆன் தி பேக்’. காத்தடிக்க ‘பம்ப் அப் தி டயர்ஸ்’. ‘ஃபில் ஏர்’ வேண்டாம். பஞ்சருக்கு ‘ஐ காட் எ பங்ச்சர்’. சைக்கிளை ‘டிரைவ்’ செய்வதில்லை, ‘ரைட்’ செய்கிறோம். ‘இன் மை ஸ்மால் ஏஜ்’ என்பதை இன்றே விட்டுவிடுங்கள். ‘வென் ஐ வாஸ் லிட்டில்’.

உச்சரிப்பில் எதைத் திருத்த வேண்டும்? (மாணவர், அம்பத்தூர்)

‘சைக்கிள்’ சரி, ‘மோட்டார்சைக்கிள்’ சரி. ஆனால் ‘பைசைக்கிள்’ தவறு. ‘பைசிக்கிள்’, அழுத்தம் ‘பை’யில். அடுத்தது, விழுந்ததைச் சொல்லும்போது பலர் ‘ஐ ஃபெல்ட் டவுன்’ என்கிறார்கள். ‘ஃபெல்ட்’ என்றால் உணர்ந்தேன். ‘ஐ ஃபெல் ஆஃப் மை பைக் அண்ட் ஸ்க்ரேப்ட் மை எல்போ’ என்று சொல்லிப் பழகுங்கள். ‘ஸ்க்ரேப்ட்’ கடைசியில் உள்ள ‘ட்’ காதில் விழ வேண்டும். தமிழ் வாடை அடிக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். புரிகிறதா என்பதுதான் கணக்கு.

அரசுப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள்தான் என் முதல் சைக்கிள். சொல்லலாமா? (வாசகி, திருவொற்றியூர்)

கட்டாயம் சொல்லுங்கள், அருமையான பதில் அது. ‘ப்ளஸ் ஒன்’ மட்டும் வெளிநாட்டவருக்குப் புரியாமல் போகலாம். ‘கிளாஸ் இலெவன்’ என்று சொல்லுங்கள்.

எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. கோச்சிங்கில் கொடுத்த பதிலை மனப்பாடம் செய்யட்டுமா? (வாசகி, அண்ணா நகர்)

வேண்டாம். மனப்பாடம் செய்த பதில் ஒரே வேகத்தில், ஏற்ற இறக்கமில்லாமல் வரும், தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார். ‘ஹூ டாட் யூ?’ (யார் கற்றுக்கொடுத்தது?) என்று அவர் கேட்டதும் கையிருப்பு தீர்ந்துவிடும். உண்மையைச் சொல்வது சுலபம்: ‘நோ, ஐ நெவர் லேர்ன்ட். அவர் ஸ்ட்ரீட் வாஸ் ஃபுல் ஆஃப் பஸ்ஸஸ், ஸோ மை மதர் வுடுன்ட் லெட் மீ.’ காரணத்தோடு வரும் ‘நோ’ முழுமையான பதில்தான்.

தினமும் ஒரே கேள்விக்கு மூன்று முறை, முன்பு சொன்ன வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல், போனில் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டு, வினைச்சொற்களை மட்டும் தாளில் எழுதுங்கள். இறந்தகாலத்தில் தொடங்கி நடுவில் ‘கோ’, ‘கம்’ என்று நிகழ்காலத்துக்கு எங்கே தாவினீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும். மறுநாள் அந்த இடத்தை மட்டும் திருத்திப் பேசுங்கள்.